நன்றி நோட்டு ஏன் பொய்யாகத் தோன்றுகிறது? வேலைக்காக வெளிநாடு சென்ற வாசகிக்குப் பதில்

கேள்வி:

எனக்கு வயது 34. பதவி உயர்வோடு கிடைத்த வேலைக்காக ஏழு மாதங்களுக்கு முன்பு தனியாக வெளிநாடு வந்தேன். கணவரும் 6 வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள். ஒரு வருடம் முடிந்ததும் அவர்களும் இங்கே வருவதாக ஏற்பாடு. வந்த புதிதில் உற்சாகமாக இருந்தது. இப்போது எதிலும் மனசு ஒட்டவில்லை. கூட்டங்களில் எல்லோரும் வேகமாகப் பேசுவதில் பாதி புரிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் கூட்டம் முடிந்ததும் தன் குறிப்புகளை எனக்கு அனுப்பிவிடுவார். அது இல்லையென்றால் என் பாடு இன்னும் மோசம். மகளோடு வீடியோ காலில் பேசி முடித்ததும் அழுகை வந்துவிடுகிறது. இரவு 2 மணி வரை தூக்கம் இல்லை. அம்மாவிடம் சொன்னால், 'எத்தனை பேர் ஏங்குகிற வாய்ப்பு இது, நன்றியோடு இரு' என்கிறார். தோழி சொன்னதைக் கேட்டு, படுக்கும் முன் தினமும் பத்து விஷயங்களுக்கு நன்றி எழுதிப் பார்த்தேன். உடல்நலம், குடும்பம், வேலை என்று மூன்றாவது நாளிலிருந்தே அவையே திரும்பத் திரும்ப வந்தன. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது அந்த நோட்டைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி. நான் நன்றி கெட்டவளா? வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. உங்கள் கடிதத்திலேயே அசலான நன்றி ஒன்று இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் கூட்டக் குறிப்புகளை அனுப்புவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். யார் செய்தார், என்ன செய்தார், செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. ஆனால் நோட்டில் அவர் இடம்பெறவில்லை. உடல்நலம், குடும்பம், வேலை என்ற பெரிய சொற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உங்கள் மனத்தில் குறை எதுவும் இல்லை. நோட்டை எழுதிய முறையில்தான் சில கோளாறுகள். அவை திருத்தக்கூடியவை.

அதற்கு முன் அம்மா சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். 'எத்தனை பேர் ஏங்குகிற வாய்ப்பு' என்பதை அவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் கேட்கிறவர் மனத்தில் அது ஒரு கடன் நோட்டீஸ் போல இறங்கிவிடுகிறது. நன்றியும் கடன்பட்ட உணர்வும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே அவை வேறு வேறாக வேலை செய்கின்றன. நன்றி தோன்றும்போது, உதவியவரிடம் இன்னும் நெருங்கத் தோன்றும். கடன்பட்ட உணர்வு வரும்போது அவரைத் தவிர்க்கத் தோன்றும், மனம் இறுகும், 'நான் இதற்குத் தகுதியானவளா' என்ற கேள்வி குடையும். நோட்டைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டில் தினமும் நீங்கள் எழுதிவந்தது நன்றியை இல்லை, பாக்கிக் கணக்கை.

இன்னொன்று. உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்து ஆறுதல் தேடும் வழியை விட்டுவிடுங்கள். வேலை கிடைக்காதவர்களை எண்ணிப் பார்ப்பதால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடாது. அழுவதற்குக்கூட உரிமை இல்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

இப்போது உங்கள் மேல் இறங்கியிருக்கும் சுமையின் அளவைப் பாருங்கள். 1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒத்துப்போக எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்பதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50. நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் என்ற பாகுபாடு அதில் கிடையாது. விடுமுறைக்குப் போவதற்குக்கூட 13 உண்டு. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வருமான நிலை மாறியதற்கு 38, வேலைப் பொறுப்பு மாறியதற்கு 29, வாழும் சூழல் மாறியதற்கு 25, வேலை நேரமும் முறையும் மாறியதற்கு 20, வீடு மாறியதற்கு 20, பொழுதுபோக்கு மாறியதற்கு 19, பழகும் வட்டம் மாறியதற்கு 18, தூக்கப் பழக்கத்துக்கு 16, குடும்பத்தோடு கூடும் வாய்ப்பு குறைந்ததற்கு 15, சாப்பாட்டுப் பழக்கத்துக்கு 15. மொத்தம் 215. தோராயமான அளவுகோல்தான் இது. தனி ஒருவருக்கு என்ன நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றை இது தெளிவாகக் காட்டுகிறது. 'ஒரு வேலைதானே மாறியது' என்று வெளியில் தெரிகிற இடத்தில், உங்களுக்கு ஒரே சமயத்தில் பத்து விஷயங்கள் மாறியிருக்கின்றன. பிள்ளையைப் பிரிந்திருப்பதற்கு அந்தப் பட்டியலில் தனி வரிகூட இல்லை.

ஏழாவது மாதத்தில் மனம் கீழே இறங்குவதும் புதிதல்ல. நார்வே நாட்டு ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கிவந்த நார்வேக்காரர்களைப் பற்றி 1955-ல் எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாக ஒத்துப்போயிருந்தார்கள்; இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் சிரமப்பட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இதே வரிசை பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பலருக்கு முதல் சில வாரங்களே மிகக் கடினமாக இருக்கின்றன. ஆனால் புதுமையின் உற்சாகம் வடிந்து, புது இடத்தில் சொந்தமாக யாரும் அமையாத இந்த இடைவெளியில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி நோட்டுக்கு வருவோம்.

பத்து என்ற எண்ணிக்கைதான் முதல் கோளாறு. நோர்பர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1991-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலரிடம், நீங்கள் துணிந்து பேசிய 6 சந்தர்ப்பங்களை நினைவுகூருங்கள் என்றார்கள். வேறு சிலரிடம் 12 கேட்டார்கள். 12 கேட்கப்பட்டவர்கள் அதிகம் எழுதியிருந்தும், தங்களைத் துணிச்சல் குறைந்தவர்கள் என்றே மதிப்பிட்டுக்கொண்டார்கள். நினைவுகூரத் திணறும்போது, 'இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடவேண்டியிருக்கிறதே, அப்படியானால் என்னிடம் அது இல்லை போலும்' என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. இரவு வேளையில், களைத்த மூளையோடு, ஏழாவது எட்டாவது நன்றிக்காகத் துழாவியபோது உங்களுக்கும் இதேதான் நேர்ந்திருக்கும். மூன்று போதும். முடியாத நாளில் ஒன்று.

தினமும் எழுதியது இரண்டாவது. சோன்யா லியுபொமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் ஆறு வாரங்களுக்கு ஒரு குழுவை வாரம் ஒரு முறையும் இன்னொரு குழுவை வாரம் மூன்று முறையும் நன்றி எழுதவைத்தார்கள். வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. அடிக்கடி செய்தால் சடங்காகிவிடுகிறது. நன்றி நோட்டு என்றதும் எல்லோரும் குறிப்பிடும் 2003-ம் ஆண்டு ஆய்வில், ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் ஒரு பகுதியில் மாணவர்களிடம் கேட்டதே வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து விஷயம், மொத்தம் பத்து வாரம். தினமும் எழுதிப் பயனடைந்தவர்களும் உண்டு. 2005-ல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் ஒரே ஒரு வாரம் இரவுதோறும், அன்று நன்றாக நடந்த மூன்றை, அவை ஏன் நடந்தன என்ற காரணத்தோடு எழுதச்சொன்னார்கள். பலருக்கு மனநிலை முன்னேற்றம் ஆறு மாதம்வரை தெரிந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கேட்டது மூன்றே விஷயம், அதுவும் காரணத்தோடு. உங்கள் இப்போதைய நிலைக்கு வாரம் இரண்டு முறை சரியாக இருக்கும்.

மூன்றாவது, எழுதிய நேரம். தூக்கம் வராமல் தவிப்பவர் படுக்கையில் உட்கார்ந்து மனத்தைப் பரிசோதித்தால், தேர்வு எழுதுகிற பதற்றம்தான் வரும். மகளோடு பேசிவிட்டு அழுத கையோடு எழுதுவதும் வேண்டாம். வேலை முடிந்து வந்து முகம் கழுவி உட்காரும் அந்தப் பத்து நிமிடம், அல்லது விடுமுறை நாளின் காலை நேரம், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நான்காவது: எழுதிய பொருள். 'குடும்பம்' என்று எழுதினால் மனத்தில் எந்தக் காட்சியும் விரியாது. உங்கள் நிலையில் அது காயத்தையும் கிளறும், ஏனென்றால் அந்தக் குடும்பம் இப்போது பக்கத்தில் இல்லை. நன்றி என்பது பெயர்ச்சொல்லில் பிறப்பதில்லை, ஒருவர் செய்த செயலில் பிறக்கிறது. ஆகவே ஒவ்வொரு வரியிலும் மூன்று சங்கதிகள் இருக்கட்டும். யார், என்ன செய்தார். அதற்காக அவர் எதைச் செலவிட்டார்: நேரமா, பொறுமையா, தன் வசதியா. அது நடக்காமல் போயிருந்தால் உங்கள் நாள் எப்படி இருந்திருக்கும்.

உங்கள் கடிதத்தை வைத்தே எழுதிக் காட்டுகிறேன். 'செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்த பிறகு பக்கத்து இருக்கைக்காரர் குறிப்புகளை அனுப்பினார். தனக்காக எழுதுவதைவிடக் கொஞ்சம் விரிவாக எழுதியிருந்தார். அது வராமல் இருந்திருந்தால், கடைசித் தேதி எது என்று மேலாளரிடம் போய்க் கேட்டு நின்றிருப்பேன்.' இவ்வளவுதான். இதில் உயர்ந்த சொல் எதுவும் இல்லை, உணர்ச்சி என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. இன்னொன்று: 'என் உச்சரிப்பு புரியாமல் அந்த அலுவலர் மூன்று முறை திருப்பிக் கேட்டார். முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் படிவத்தை முடிக்காமல் வந்திருப்பேன்.'

'நடக்காமல் போயிருந்தால்' என்ற அந்த மூன்றாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். நல்லது ஒன்று கையில் இருக்கிறது என்று நினைப்பதைவிட, அது எப்படி வராமலே போயிருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பவர்களுக்கு மனநிலை கூடுதலாக மேம்படுவதை 2008-ல் மின்கியுங் கூ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். பழகிப்போன நல்லதை மனம் பார்க்க மறந்துவிடுகிறது. அதை ஒரு நொடி எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் மறுபடி கண்ணில் படுகிறது. ஆனால் மகளையோ கணவரையோ வைத்து இப்படி எழுதிப் பார்க்க வேண்டாம். பிரிவில் இருக்கும்போது 'அவர்கள் இல்லாவிட்டால்' என்ற கற்பனை பயமாக மாறிவிடும். தெரு, அலுவலகம், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வழி சொன்னவர் என்று அன்றாடத்துக்குள்ளேயே இருங்கள்.

'குறைந்தபட்சம்' என்று தொடங்கும் வரிகளை அடித்துவிடுங்கள். 'குறைந்தபட்சம் வேலையாவது இருக்கிறது' என்பது நன்றி இல்லை, நன்றியின் பெயரில் வாயை அடைப்பது. எதுவும் தோன்றாத வாரமும் வரும். அந்த வாரம் தேதியை எழுதி, 'இந்த வாரம் எதுவும் இல்லை' என்று எழுதி மூடிவைத்துவிடலாம். இல்லாததை இட்டுக்கட்டி எழுதிய ஒரு வரி, உண்மையாக எழுதிய பத்து வரிகள் மீதும் சந்தேகத்தை வரவைக்கும்.

நோட்டை மறுபக்கத்திலிருந்து புரட்டினால் வருகிற பக்கங்களைக் குறைகளுக்கு ஒதுக்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மனத்தாங்கலை வெளியே விடாமல் நன்றியை மட்டும் எழுதச்சொன்னால், அடக்கப்பட்டது இரவு 2 மணிக்கு வந்து நிற்கும். கசப்பான அனுபவங்களை எழுதிப் பார்ப்பதன் விளைவை ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களிலிருந்து ஆராய்ந்துவந்தார். முறை எளிது: 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், எழுத்துப்பிழையைப் பொருட்படுத்தாமல், நிறுத்தாமல், என்ன நடந்தது என்பதோடு அது உள்ளே என்ன செய்தது என்பதையும் எழுதவேண்டும். எழுதி முடித்ததும் மனம் கனமாகத்தான் இருக்கும், அதுவே வழக்கம். எனவே அலுவலகம் கிளம்பும் முன்போ தூங்கப் போகும் முன்போ எழுதாதீர்கள். ஏதாவது ஒன்று தாங்கவே முடியாதபடி கலக்கினால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள். அந்த நான்கு நாள் பக்கங்களை யாருக்கும் காட்டவேண்டியதில்லை, கிழித்தும் போடலாம். கூட்டத்தில் புரியாமல் தலையாட்டியபோது எழுந்த அவமானம், மகளின் பள்ளி நாட்களைத் தவறவிடும் வருத்தம், 'நான்தானே ஒத்துக்கொண்டு வந்தேன்' என்ற கோபம் எல்லாம் அங்கே வரட்டும். நான்கு நாள் முடித்த பிறகு நன்றிப் பக்கத்தைத் தொடங்குங்கள். அதன் பிறகு வாரந்தோறும் எழும் குறைகளையும் மறுபக்கத்தில் ஓரிரு வரியில் குறித்து வையுங்கள். ஒரே வாரத்தில் இரண்டும் இருப்பதில் முரண்பாடு இல்லை.

எழுதுவதோடு நிற்கக்கூடாத ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து இருக்கைக்காரருக்கு நீங்கள் வாய்விட்டு நன்றி சொல்லியிருக்கிறீர்களா? குறிப்பு வந்ததும் பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம் போட்டிருப்பீர்கள். அது போதாது. பெரும்பாலானவர்கள் தயங்குவது, 'அசட்டுத்தனமாக இருக்குமோ, சரியான வார்த்தை வருமோ' என்றுதான். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-ல் வெளியிட்ட ஆய்வுகளில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தை மிகையாகவும், மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். பெற்றவர்கள் வார்த்தை நயத்தைத் தேடவில்லை, அந்த இதத்தையே பார்த்தார்கள். அந்நிய மொழியில் தடுமாறி எழுதும் உங்களுக்கு இது நல்ல செய்தி.

எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாரா ஆல்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 'எனக்கு இந்தப் பலன் கிடைத்தது' என்று மட்டும் சொல்லும் நன்றியைவிட, செய்தவரின் குணத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும் நன்றி கேட்பவரிடம் அதிகம் போய்ச் சேர்ந்தது. ஆகவே, 'உங்கள் குறிப்புகளால் என் வேலை எளிதானது' என்பதோடு நிறுத்தாமல், 'நான் கேட்காமலே கவனித்துச் செய்தீர்கள், உங்களுக்கு இருக்கும் அக்கறை அது' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாக்கியம் போதும். பரிசுப்பொருள் வேண்டாம். புதிய பழக்கத்தில் பரிசு கொடுத்தால் எதிராளிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பாரம் வந்துவிடும். நன்றி சொல்லிவிட்டு, முடிந்தால் ஒரு சின்ன வேண்டுகோளையும் வையுங்கள்: 'கூட்டத்துக்கு முன்பே என்ன பேசப்போகிறோம் என்ற பட்டியல் கிடைத்தால் தயாராக வருவேன், யாரிடம் கேட்கலாம்?' நன்றியும் இருக்கும், கூட்டம் புரியாத பிரச்சினைக்கு ஒரு வழியும் பிறக்கும்.

ஒருவர் நட்பாக மாற எவ்வளவு காலம் பழகவேண்டும் என்று ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். தெரிந்தவர் ஓரளவு நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஒன்றாகக் கழிக்கவேண்டியிருக்கிறது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் நேரத்துக்கு இதில் பெரிய பங்கு இல்லை. வேலைக்கு வெளியே கழிக்கும் நேரம்தான் கைகொடுக்கிறது. ஏழு மாதத்தில் உங்களுக்கு நெருக்கமாக ஒருவரும் அமையவில்லை என்றால், அது உங்கள் குணக்கேடு இல்லை, மணிக்கணக்கு இன்னும் சேரவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கூட்டம் என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். மொழி வகுப்பாக இருந்தால் இரட்டைப் பலன்.

மகளின் அழைப்புக்கு வருகிறேன். ஆறு வயதுக் குழந்தைக்கு நீண்ட பேச்சு சலிப்பூட்டும். 'இன்று என்ன செய்தாய்' என்றால் 'ஒன்றுமில்லை' என்பாள், அது உங்களைத் துளைக்கும். பத்துப் பதினைந்து நிமிடம், நிலையான நேரம், பேசுவதற்குப் பதில் சேர்ந்து செய்வதற்கு ஏதாவது ஒன்று: படம் வரைவது, ஒரு கதையின் அடுத்த பகுதியைப் படிப்பது. முடிக்கும்போது அடுத்த அழைப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவளே சொல்லட்டும். இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் இருப்பதால், உங்களுக்குத் தூங்கும் வேளையாக அமையாத நேரத்தைக் கணவரோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள். அழைப்பு முடிந்த பிறகு இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அழுகை வந்தால் வரட்டும், அதை நன்றிக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. 'அம்மா, இந்த வாய்ப்பின் அருமை எனக்குத் தெரியும். நீ அதைச் சொல்லும்போது, கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று தோன்றிவிடுகிறது. நான் ஐந்து நிமிடம் புலம்பினால் கேட்டுக்கொள், அதுவே போதும்.' யோசனை சொல்லவேண்டிய பொறுப்பிலிருந்து அவரையும் இது விடுவிக்கும்.

தூக்கத்துக்குச் சுருக்கமாக: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும், விடுமுறையிலும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சத்தில் நில்லுங்கள். படுத்து இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்காருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தூக்கம் சொக்கும்போது திரும்புங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். ஓரிரு வாரம் இதைப் பிடிவாதமாகச் செய்தால்தான் மாற்றம் தெரியும். தூக்கம் சரியாகாமல் நன்றியை மட்டும் முயல்வது வீண் உழைப்பு.

நன்றி சொல்லக்கூடாத இடமும் இருக்கிறது. வெளிநாட்டு வேலையில் இது முக்கியம். பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வது, சம்பளத்தை நிறுத்திவைப்பது, வேலை வாங்கித்தந்ததாகச் சொல்லிக் கடனில் கட்டிப்போடுவது, மிரட்டுவது, அளவுக்கு மீறி ஓவர்டைம் வாங்குவது எல்லாம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களாகப் பட்டியலிட்டிருக்கும் 11-ல் அடங்குபவை. நீங்கள் அப்படி எதையும் எழுதவில்லை. ஆனாலும் 'வேலை கொடுத்தார்களே' என்ற நன்றியில் இவற்றைப் பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் ஒன்று நடந்தாலும் அது நன்றி நோட்டில் வரவேண்டிய விஷயம் இல்லை. ஒப்பந்தத்தின் நகல், சம்பளச் சீட்டு, வேலை செய்த நேரக் குறிப்பு ஆகியவற்றோடு அந்த நாட்டின் தொழிலாளர் துறையிடமோ நம் தூதரகத்திடமோ போகவேண்டிய விஷயம். இதைவிடச் சிறிய, அன்றாடத் தொல்லைகளுக்கும் முதலில் தீர்வையே தேடுங்கள். வேலைச்சுமை அதிகமென்றால் மேலாளரிடம் பேசவேண்டும். நன்றியை அதற்கு மாற்றாக வைக்கக்கூடாது.

இந்த முறைகளுக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஜெனிஃபர் சீவன்ஸும் டேவிட் கிரெக்கும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறியது என்றே தெரிந்தது. அன்றாட வாட்டத்துக்கு இது துணை, மருத்துவத்துக்கு மாற்று இல்லை. ஆகவே ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள். கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி, மனம் வாடியே இருந்ததா, முன்பு பிடித்தவற்றில் ஈடுபாடு இல்லாமல் போனதா? இவற்றில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால், கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, கவனம் சிதறி, தன்னையே பழித்துக்கொள்வது தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. உங்கள் தூக்கமின்மையையும் அழுகையையும் வைத்துப் பார்த்தால், நாள் கடத்தாமல் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்றே சொல்வேன். பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இலவசமாக, ரகசியமாக ஆலோசனை வசதி வைத்திருக்கின்றன; மனிதவளப் பிரிவிடம் 'அப்படி ஏதாவது இருக்கிறதா' என்று மட்டும் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. தாய்மொழியில் பேச விரும்பினால் காணொளி வழியாகத் தமிழில் ஆலோசனை தருபவர்களையும் தேடலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் நாளைவரை காத்திருக்காதீர்கள். அந்த நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள், அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், அந்த நேரத்தில் கணவரையோ வேறு ஒருவரையோ தொலைபேசியில் இணைப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போவதைப் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்கு இப்போது ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் இரவு 2 மணிக்கு முடிவெடுக்காதீர்கள். கணவரோடு பேசி ஒரு தேதி குறியுங்கள். இன்றிலிருந்து எட்டு வாரம் சரியாக இருக்கும். அதற்குள் தூக்கத்தைச் சரிசெய்து, மருத்துவரை ஒருமுறை பார்த்து, வாரம் இருமுறை நோட்டை எழுதியிருப்பீர்கள். இடையில் ஒப்பந்தத்தை எடுத்து மூன்றைக் குறித்து வையுங்கள்: நோட்டீஸ் காலம் எவ்வளவு, ஓராண்டுக்கு முன் விலகினால் திருப்பிக் கட்டவேண்டிய தொகை உண்டா, குடும்பத்தை முன்கூட்டியே அழைத்துவர நிறுவனம் சம்மதிக்குமா. மூன்றாவதை மேலாளரிடம் இப்போதே கேட்கலாம். பிரிவின் காலத்தைக் குறைப்பதே உங்களுக்குத் தேவைப்படும் தீர்வாக இருக்கவும் வாய்ப்பிருக்கிறது.

அந்தத் தேதி வந்ததும், பகல் நேரத்தில், கணவரோடு உட்கார்ந்து நோட்டின் இரண்டு பக்கங்களையும் வாசியுங்கள். குறைப் பக்கத்தில் அதே பிரச்சினை எட்டு வாரமும் மாறாமல் வந்திருந்தால், அதைச் சரிசெய்ய அங்கே யாரும் தயாராக இல்லை என்றால், திரும்புவதைத் தயங்காமல் பரிசீலியுங்கள். குறைகள் மாறிக்கொண்டே வந்து, நன்றிப் பக்கத்தில் புதுப் பெயர்கள் கூடியிருந்தால், அடுத்த எட்டு வாரத்துக்கு இன்னொரு தேதி குறித்துக்கொள்ளலாம்.